'வெறும் வீச்சுதான், இறக்கு' என்றார் கேப்டன். நான் இறக்கியது தவறா?

துணை விமானி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. பெயர், ஊர், நிறுவனம் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் நானே எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

வயது 28. ஏர்பஸ் ஏ320 ரகத்தில் ஏறக்குறைய 900 மணி நேரம் பறந்தவர். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மாலை நேரத் தரையிறக்கத்தில் விமானத்தை ஓட்டியவர் இவர். கேப்டன் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தார். காற்று ஓடுபாதைக்கு 40 டிகிரி சாய்வாக 24 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் அடித்தது, இடையிடையே வீச்சு, அதாவது திடீர்க் காற்றடி, 36 நாட் வரை போனது. 1,000 அடியில் ஆட்டோபைலட்டை விடுவித்துவிட்டுக் கையால் ஓட்ட ஆரம்பித்தார். 900 அடி வாக்கில் 'டிங்' என்று ஒரு மணி, கூடவே மஞ்சள் விளக்கு. இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்று பழுது என்று திரையில் ஒரு வரி வந்தது. கேப்டன் குனிந்து அதைப் படித்தார், தலைக்கு மேலிருக்கும் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். இவர் கண்ணும் சில விநாடி அங்கேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் வேகம் 8 நாட் குறைந்திருக்கிறது, விமானம் நிமிடத்துக்கு 1,200 அடி வீதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. சரிசெய்துகொண்டே வந்தார். 350 அடியில் சிவப்பு எச்சரிக்கை, 'விண்ட்ஷியர்' (காற்று சட்டென்று மாறுகிறது) என்று மூன்று முறை குரல்.

'கோ-அரவுண்ட் போகலாமா சார்?' என்று கேட்டிருக்கிறார், அதாவது இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வரலாமா என்று. 'வெறும் வீச்சுதான், இறக்கு' என்று பதில் வந்தது. பயத்தில் த்ரஸ்டை (எஞ்சின் உந்துவிசையை) கூட்டினார். வேகம் 15 நாட் அதிகமாகி, விமானம் ஓடுபாதை மேல் மிதந்து, தொட வேண்டிய பகுதியைத் தாண்டிப் போய்த் தொட்டது. பாதை நீளமாக இருந்ததால் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் தோளைத் தட்டி 'இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டும்' என்றார். அறிக்கை எதுவும் எழுதப்படவில்லை.

அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் சரியில்லை. கேள்விகள் நான்கு: அந்த எச்சரிக்கை பொய்யா? காற்று பலமாக இருக்கும்போது 20 நாட் வேகம் கூட்டி வைத்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே? கேப்டன் 'இறக்கு' என்ற பிறகு மேலே போக எனக்கு உரிமை உண்டா? மூன்று வாரம் கழித்து இதை எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடுமா? விமானத்தின் பதிவுக் கருவியை விபத்து நடந்தால்தானே எடுத்துப் பார்ப்பார்கள் என்று ஒரு வரியும், பின்குறிப்பாக ஒரு சின்னக் கேள்வியும் இருக்கின்றன.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 350 அடியில் நடந்ததைப் பற்றியே எல்லாக் கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ 900 அடிக்கும் 500 அடிக்கும் இடையில் நடந்ததுதான் உறுத்துகிறது. அங்கிருந்து வருகிறேன்.

ஜெனரேட்டர் என்ன கேட்டது?

இறங்கும்போது உங்கள் விமானம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தை இழக்கிறது. 900 அடி என்றால் கையில் இருப்பது ஒன்றேகால் நிமிடம். அதில் ஐந்து விநாடி இரண்டு பேரும் திரையைப் பார்த்தால், ஐம்பது அறுபது அடிக்கு அந்த விமானத்தை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். அமைதியான காற்றில் அதை விமானம் மன்னித்துவிடும். 12 நாட் ஏறி இறங்கும் வீச்சில் மன்னிக்காது.

ஜெனரேட்டர் ஒன்று போனால் மற்றது சுமையை எடுத்துக்கொள்கிறது. சமையலறைப் பகுதியின் மின்சாரத்தில் கொஞ்சம் தானாகவே வெட்டப்படும், அவ்வளவுதான். தரையிறங்க உங்களுக்கு வேண்டியது எதுவும் போகவில்லை. அந்த சுவிட்சை நிறுத்திப் போட்டுப் பார்க்கும் வேலை, விமானம் நின்ற பிறகும் அதே வேலைதான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, உங்கள் விமானத்தை வடிவமைத்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஏ320-இல் 800 அடிக்குக் கீழே வந்ததும் பெரும்பாலான எச்சரிக்கைகளை விமானமே அடக்கி வைத்துவிடுகிறது. தரையைத் தொட்டு வேகம் குறைந்த பிறகுதான் அவை வெளியே வரும். விமானியின் கவனத்தைத் திருப்புகிற அளவுக்கு அந்தச் செய்திக்கு அப்போது மதிப்பில்லை என்பது அவர்கள் கணக்கு. உங்கள் ஜெனரேட்டர் இன்னும் பத்து விநாடி பொறுத்திருந்தால் அந்த மணி அடித்தே இருக்காது! அதே 800 அடிக்குக் கீழே, அந்தத் தடையையும் மீறி ஒரு குரல் வருகிறதென்றால் அது எத்தனை முக்கியமானதாக இருக்க வேண்டும் என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நான் பயிற்சி கொடுத்த காலத்தில் இப்படிச் சொல்வேன். கடைசி ஆயிரம் அடியில் பழுதைக் கண்டுபிடிக்க உட்காராதே. வந்த எச்சரிக்கை தரையிறக்கத்தையே மாற்றுமா? ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பு), சக்கரம், பிரேக், ஸ்பாய்லர் (இறக்கை மேல் எழும் தடுப்புப் பலகை), ஸ்டியரிங், கட்டுப்பாட்டுப் பரப்புகள் இவற்றில் ஏதாவது என்றால் இறங்கும் வேகமும் ஓட வேண்டிய தூரமும் மாறிவிடும், நீ போட்டு வைத்த கணக்கு செல்லாது. மேலே போ. ஒரு இடத்தில் வட்டமடித்துக்கொண்டு செக்லிஸ்ட்டைப் படி, புதுக் கணக்குப் போடு, அப்புறம் வா. தரையிறக்கத்தை மாற்றாத விஷயம் என்றால் கண்காணிப்பவர் அதை ஒரு வார்த்தையில் சொல்லட்டும், 'ஜெனரேட்டர், தரையில் பார்ப்போம்' என்று. ஓட்டுகிறவர் கண்ணை நகர்த்தவே வேண்டாம். இந்த இரண்டில் எது என்று உடனே தெரியவில்லையா? அதற்கும் மேலே போவதுதான் வழி.

1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் மூக்குச் சக்கரத்துக்கான சின்ன விளக்கு எரியவில்லை. பல்பு போயிருந்தது. அவர்கள் சரியாக மேலே ஏறினார்கள், 2,000 அடியில் ஆட்டோபைலட்டை வைத்தார்கள். பிறகு காக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பல்பில் மூழ்கிவிட்டார்கள். உயரத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு தெரியாமல் விடுபட்டது, விமானம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. உயரம் மாறுகிறது என்று ஒரு மணி ஒலித்ததும் குரல் பதிவில் இருக்கிறது, அதற்கு யாரும் பதில் சொன்னதாகத்தான் இல்லை. 101 பேர் இறந்தார்கள். மேலே போனால் மட்டும் போதாது, போன பிறகும் ஒருவர் விமானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. 500 அடியில் உங்கள் விமானம் நிலையாக இருந்ததா? வேகம் குறைவு, இறக்க வேகம் 1,200 அடி, திருத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்கினால் அது நிலையான அணுகல் இல்லை என்பது உலகம் முழுக்கப் பொதுவான அளவுகோல். மேகத்தில் 1,000 அடியை எட்டுவதற்குள்ளும், தெளிவான வானிலையில் 500 அடியை எட்டுவதற்குள்ளும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோ-அரவுண்ட். அப்படிப் பார்த்தால் விண்ட்ஷியர் குரல் வருவதற்குச் சில விநாடி முன்பே உங்கள் தரையிறக்கம் முடிந்துபோய்விட்டது. அந்தச் சிவப்பு எச்சரிக்கை உங்களுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு.

இதற்காக உங்களைத் தனியாகக் குட்ட மாட்டேன். விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை இதைப் பற்றிச் செய்த ஆய்வில், நிலையில்லாத அணுகல்களில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் கோ-அரவுண்டில் முடிகின்றன என்று தெரியவந்தது. மற்ற எல்லோரும் 'சரியாகிவிடும்' என்று இறக்கியவர்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது, அடுத்த முறையும் இறக்கத் தூண்டுவது அதுதான்.

எச்சரிக்கை பொய்யா?

விண்ட்ஷியர் என்றால் சில விநாடிகளில் காற்றின் திசையோ வேகமோ சட்டென்று மாறுவது. உங்கள் விமானம் அதை இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கிறது. மூக்கில் இருக்கும் வானிலை ரேடார், முன்னால் உள்ள மழைத்துளிகள் எந்தப் பக்கம் எந்த வேகத்தில் நகர்கின்றன என்று பார்த்து, போகிற வழியில் ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லும். ஈரமில்லாத காற்றில் அதற்குப் பார்வை மங்கல். இரண்டாவது முறை வேறு. விமானம் காற்றில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும், தரையை ஒட்டி அதன் உண்மையான அசைவு எப்படி மாறுகிறது என்பதையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. விமானத்தின் ஆற்றல் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்று கண்டால் 'விண்ட்ஷியர்' என்று மூன்று முறை கத்தும். உங்களுக்கு வந்தது இரண்டாவது. ரேடார் 'முன்னால் குழி இருக்கிறது' என்று சொல்லும். இந்தக் குரலோ குழிக்குள் கால் வைத்த பிறகு வருவது.

பலத்த வீச்சில் இந்தக் குரல் தேவையில்லாமலும் வருவதுண்டு, உங்கள் கேப்டன் அந்த அளவுக்குச் சொன்னது சரிதான். ஆனால் 350 அடியில், அடுத்த முப்பது விநாடியில் காற்று என்ன செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்க முடியாது. ஒரு வீச்சும் ஒரு விண்ட்ஷியரும் முதல் இரண்டு விநாடியில் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் பத்தாவது விநாடியில் தெரியும், அப்போது உயரம் மிச்சம் இருக்காது. இறங்கிய பிறகு 'பார்த்தாயா, வீச்சுதான்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இடிமழை மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கொட்டி, தரையில் மோதி நாலாபுறமும் சிதறுவதை மைக்ரோபர்ஸ்ட் என்கிறோம். டெட் ஃபுஜிட்டா என்ற அறிஞர் 1970களில் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கூடும். வேகமானி ஏறும், விமானி நிம்மதியாகி த்ரஸ்டைக் குறைப்பார். அடுத்த நொடி காற்று மேலிருந்து அழுத்தும், அதற்கடுத்து பின்னாலிருந்து தள்ளும். 1985 ஆகஸ்ட் 2-இல் டல்லஸ் ஃபோர்ட் வொர்த்தில் டெல்டா 191 விழுந்தது இப்படித்தான். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 137 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 1988-இல் அமெரிக்காவில் வந்த விதிதான் பயணிகள் விமானங்களில் விண்ட்ஷியர் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. உங்கள் காக்பிட்டில் அன்று பேசிய குரலுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை. அதனால்தான் அந்தக் குரல் யோசனை கேட்கவில்லை. அதற்குப் பதில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பதிலும் சாதாரணக் கோ-அரவுண்ட் இல்லை, இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரேடார் முன்கூட்டிச் சொன்னால் வழக்கமான கோ-அரவுண்ட் போதும். விண்ட்ஷியருக்குள் இருக்கிறோம் என்று குரல் வந்தால் முழு த்ரஸ்ட், திரை காட்டும் கோணத்துக்கு மூக்கைத் தூக்குவது, திரை வழி காட்டவில்லை என்றால் உங்கள் ரகத்தில் 17.5 டிகிரி. வெளியே வரும்வரை ஃபிளாப்பையும் சக்கரத்தையும் தொடக்கூடாது. சக்கரத்தை மடக்கும்போது கதவுகள் திறந்து காற்றுத்தடை கொஞ்ச நேரம் கூடும், தரையில் மோதிவிட்டால் அந்தச் சக்கரங்கள் அதிர்ச்சியைத் தாங்கும்.

கோ-அரவுண்டுக்கு ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2016 மார்ச் 19-இல் ரஷ்யாவின் ரஸ்தோவில், பலத்த காற்றில் இரண்டாம் முறை மேலே ஏறிய விமானம் ஒன்று, மூக்கு கீழே தள்ளப்பட்டு விழுந்து 62 பேர் இறந்தார்கள். இருட்டில் முழு த்ரஸ்ட் தரும் உந்துதல், மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிக்கொண்டது போன்ற மாயையைத் தரும். கருவியை மட்டும் நம்ப வேண்டிய நேரம் அது. நிஜப் பறப்பில் கோ-அரவுண்ட் அபூர்வம் என்பதால் நம் எல்லோருக்கும் கை பழகாமல் போகிறது. சிமுலேட்டரில் அதிகமாகக் கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

20 நாட் கூட்டினால்?

வேண்டாம், தம்பி. இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். 135 நாட்டில் தொட வேண்டிய விமானம் 155-இல் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 30 சதவீதம் கூடிவிடுகிறது. அதை முழுக்க ஓடுபாதையில்தான் கரைக்க வேண்டும். வீச்சுக்காக எவ்வளவு கூட்டலாம் என்று உங்கள் கையேட்டிலேயே கணக்கு இருக்கிறது. ஏர்பஸ்ஸில் எதிர்காற்றில் மூன்றில் ஒரு பங்கு, 5-க்குக் குறையாமல், 15-க்கு மிகாமல். போயிங்கில் நிலையான எதிர்காற்றில் பாதியும் வீச்சு முழுவதும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் ரகத்தில் வீச்சு வரும்போது இலக்கு வேகத்தை விமானமே உயர்த்திக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் சேர்ப்பது பயத்துக்குப் போடும் வட்டி.

1993 செப்டம்பர் 14-இல் வார்சாவில் இறங்கிய ஏ320 குழுவினர், விண்ட்ஷியர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு விதிப்படியே வேகம் கூட்டினார்கள். இறங்கும் நேரத்தில் காற்று பின்காற்றாக மாறிவிட்டது, பாதை ஈரம். விமானம் மிதந்து தள்ளிப்போய்த் தொட்டது. சக்கரங்களில் போதிய பாரம் உடனே விழாததால் ஸ்பாய்லரும் ரிவர்ஸும் (எஞ்சின் உந்துதலை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) திறக்கவே 9 விநாடி தாமதம். பாதையின் முடிவைத் தாண்டி மண்மேட்டில் மோதி, இருவர் இறந்தார்கள். அவர்கள் கூட்டியதற்காவது ஒரு காரணம் இருந்தது.

பக்கக்காற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருந்த அளவுக்கு அன்று அது பெரிதில்லை. 40 டிகிரியில் 36 நாட் வீச்சு என்றால் பக்கவாட்டுப் பங்கு 23 நாட் சொச்சம், வரம்புக்குள்தான். டவர் சொல்லும் காற்று சென்ற இரண்டு நிமிடத்தின் சராசரி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் தொடும் நொடியின் காற்று அதில் இல்லை.

கேப்டன் 'இறக்கு' என்ற பிறகு

விமானத்தின் இறுதி அதிகாரம் கேப்டனிடம்தான். சர்வதேச விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன, நீங்களும் கடிதத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. நிறுவனங்களின் நடைமுறைக் கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். இருவரில் யார் 'கோ-அரவுண்ட்' என்று சொன்னாலும் அது நடந்தே ஆக வேண்டும், வாதம் மேலே போய்த்தான் என்று பொதுவாக எழுதியிருக்கும். விண்ட்ஷியர் குரலுக்கும் அப்படியே. கேப்டனின் அதிகாரம் அந்த நடைமுறையை அமல்படுத்தவும், இன்னும் பெரிய ஆபத்து முன்னால் நின்றால் மட்டும் அதிலிருந்து விலகவும் இருக்கிறது. 'வீச்சுதான்' என்ற ஊகம் அந்த வகையில் சேராது.

அன்று ஓட்டியவர் நீங்கள். த்ரஸ்ட் லீவர் உங்கள் கையில் இருந்தது. 'கோ-அரவுண்ட்' என்று சொல்லி லீவரை முழுக்கத் தள்ளியிருந்தால், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விமானம் மேலே போயிருக்கும். நீங்கள் செய்தது வேறு. 'போகலாமா சார்?' என்று கேட்டீர்கள். கேள்வி கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் எதுவாகவும் இருக்கலாம். மரியாதையாகப் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நாக்கில் தானாக வந்துவிடுகிறது. மரியாதையை ஏறும்போதும் இறங்கிய பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். 1,000 அடிக்குக் கீழே வினைச்சொல் போதும்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். துணை விமானியாக இரண்டாவது வருடம், கண்காணிக்கும் இருக்கையில். வேகம் அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. 'வேகம் கொஞ்சம்...' என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமலே விட்டேன். பாதையின் கடைசி விளக்குகள் பக்கத்தில் போய் நின்றோம். அந்தப் பாதி வாக்கியம் பல வருடம் காதில் இருந்தது. அதற்குப் பிறகுதான் படிப்படியாகப் பேசக் கற்றுக்கொண்டேன். முதலில் அளவைச் சொல்வது, 'வேகம் கூடுதல் 15'. பதில் இல்லையென்றால் பெயரோ பதவியோ சொல்லி அழைத்து, செய்ய வேண்டியதைச் சொல்வது, 'கேப்டன், கோ-அரவுண்ட்'. இரண்டாம் முறையும் பதிலோ மாற்றமோ இல்லையென்றால் அவர் செயலிழந்தவர் என்று எடுத்துக்கொண்டு 'கட்டுப்பாடு என்னிடம்' என்று வாங்கிக்கொள்வது.

2007 மார்ச் 7-இல் யோக்யகார்த்தாவில் கருடா 200 மிக அதிக வேகத்தில் இறங்கி, பாதையைத் தாண்டி எரிந்து 21 பேர் இறந்தார்கள். தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை 15 முறை ஒலித்தது. துணை விமானி கோ-அரவுண்ட் போகச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை, துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்கவும் இல்லை. அவருக்கு அதற்கான பயிற்சியும் சரியாகக் கிடைத்திருக்கவில்லை என்று விசாரணை சொன்னது.

எல்லை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேலே போகத் தொடங்கியதும் கேப்டன் 'கட்டுப்பாடு என்னிடம்' என்று வாங்கிக்கொண்டால், ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடியை) பிடித்து அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஏ320-இல் இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் அசைந்தால் விமானம் இரண்டையும் கூட்டி எடுத்துக்கொள்ளும். ஒருவர் இழுக்க, மற்றவர் தள்ள, இரண்டும் கழிந்து ஒன்றுமில்லாமல் போகலாம். 'உதவிக்கு' என்று லேசாக அசைப்பதும் கூடாது. ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் வாயால் சொல்லட்டும். ரிவர்ஸ் திறந்த பிறகும் மேலே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அங்கே நிறுத்துவது ஒன்றுதான் வழி.

எழுதிக் கொடுக்கலாமா

பதிவுக் கருவியை விபத்துக்குப் பிறகுதான் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களை இயக்கும் நிறுவனங்கள், வழக்கமான பறப்புகளின் தரவையும் தொடர்ந்து ஆராய வேண்டும் என்பது சர்வதேச விதி, உங்கள் விமானம் அதற்குள் வருகிறது. விண்ட்ஷியர் எச்சரிக்கை, 1,200 அடி இறக்கம், தாமதமான தொடுதல் மூன்றும் இந்நேரம் யாரோ ஒருவர் திரையில் சிவப்பாக எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதே விதி, இந்த ஆய்வைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஆக, 'எழுதினால் தெரிந்துவிடும்' என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. உங்கள் தரப்பும் சேர்ந்து தெரிய வேண்டுமா, வரைபடம் மட்டும் பேசட்டுமா என்பதுதான் கேள்வி.

எழுதுங்கள் என்பது என் யோசனை. அதற்கு முன் கேப்டனிடம் பேசுங்கள். 'அந்த இறக்கம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுப்போமா?' என்று கேளுங்கள். சம்மதிக்கலாம், அவருக்கும் அந்த இரவு தூக்கம் வராமல் இருந்திருக்கலாம். மறுத்தால் நீங்கள் தனியாக எழுதுங்கள். அவரைக் குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், 'நான் கண்ணை எடுத்தேன், நான் கேள்வியாகக் கேட்டேன், நான் வேகம் கூட்டினேன்' என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆபத்து இல்லாமலும் இல்லை. காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் கட்டாய அறிக்கைக்கு 72 மணி நேரம். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறையில் 10 நாளுக்குள் கொடுத்தால்தான் அபராதத்திலிருந்து விலக்குக் கிடைக்கும். நீங்கள் மூன்று வாரம் தாண்டிவிட்டீர்கள், சில பாதுகாப்புகள் கைநழுவியிருக்கலாம். அதனால் நேரடியாகத் தலைமை விமானி அறைக்குப் போகாமல், நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு வழியாகவோ, சங்கத்தில் உறுப்பினர் என்றால் அங்கே ஒருவரிடம் கேட்டுவிட்டோ கொடுங்கள். தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் ஒரு வரி எழுதிவிடுங்கள். வேலை போகாது என்று உத்தரவாதம் தர எனக்கு அதிகாரம் இல்லை. நேர்மையாக எழுதியவரைவிட, தரவில் அகப்பட்ட பிறகு விளக்கம் சொன்னவர் படும் பாடு அதிகம் என்பதை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதித் தாண்டிப் போய்விட்டீர்கள். மூன்று வாரம் சரியாகத் தூங்காத ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பது, அந்த ஜெனரேட்டரைவிடப் பெரிய பழுது. சக விமானிகளே நடத்தும் ஆதரவுக் குழுக்கள் பல நிறுவனங்களில் உண்டு, ஐரோப்பாவில் 2021 முதல் கட்டாயம். பேசினால் உரிமம் போய்விடும் என்ற பயத்தைத் தணிப்பதற்காகவே அவை ரகசியமாக இயங்குகின்றன. பேசுங்கள். தூக்கம் திரும்பும்வரை பறப்பதற்குத் தகுதியில்லை என்று நீங்களே சொல்லி விலகிக்கொள்வதும் விதிக்கு உட்பட்டதுதான்.

அடுத்த முறை காற்று வீசும்போது, இறங்கத் தொடங்கும் முன்பே அந்த விளக்கக் கூட்டத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். '1,000 அடிக்குக் கீழே மஞ்சள் வந்தால் நீங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள், நான் பார்க்க மாட்டேன். விண்ட்ஷியர் குரல் வந்தால் நான் கேட்காமல் மேலே போவேன்.' எந்தக் கேப்டனும் 20,000 அடியில் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. அங்கே வாங்கிய சம்மதம் 350 அடியில் கைகொடுக்கும். எரிபொருளையும் அப்போதே பார்த்துவிடுங்கள், இரண்டாவது முயற்சிக்கு எவ்வளவு, மாற்று விமான நிலையத்துக்கு எவ்வளவு என்று. டேங்கில் இருக்கிறது என்று தெரிந்தால் கை தயங்காமல் லீவரைத் தள்ளும்.

பின்குறிப்பில், கோ-அரவுண்ட் போனால் பயணிகளிடம் என்ன சொல்வது, அவர்கள் பயந்துபோவார்களே என்று கேட்டிருந்தீர்கள். அவசரமில்லை. விமானம் ஏறி நிலைபெறட்டும், டவரோடு பேசி முடியுங்கள், கேபின் குழுவுக்கு முதலில் ஒரு வரி சொல்லுங்கள், ஏனென்றால் பயணிகள் பார்ப்பது அவர்கள் முகத்தைத்தான். பிறகு மைக்கை எடுத்து, 'ஓடுபாதைக்கு அருகில் காற்று சட்டென்று மாறியதால் மேலே ஏறியிருக்கிறோம். ஒரு சுற்று வந்து மறுபடி இறங்குவோம், இன்னும் பதினைந்து நிமிடம் ஆகும்' என்று உங்கள் சாதாரணக் குரலில் சொன்னால் போதும். 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதை மட்டும் சேர்க்காதீர்கள். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டதும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள்.